'தி சோழாஸ்' முதற்பதிப்பை உறுதி செய்வது எப்படி?

கேள்வி

வணக்கம். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி ஆங்கிலத்தில் எழுதிய 'தி சோழாஸ்' நூலின் பழைய பிரதி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1935ஆம் ஆண்டு முதற்பதிப்பு என்று சொல்லி, அதற்கேற்ற விலையும் கேட்கிறார் விற்பவர். தலைப்புப் பக்கம் கிழிந்துபோயிருக்கிறது. தடித்த நூலக பைண்டிங்கில் ஒரே புத்தகமாக உள்ளது. முன்தாளில் சென்னைப் பல்கலைக்கழக வரலாற்று வரிசை, எண் 9 என்று அச்சாகியிருக்கிறது. இதை மட்டும் நம்பி வாங்கலாமா?

முதல் பதில்

வரிசை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 1955ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பும் அதே எண்ணைத் தாங்கித்தான் வந்தது. முதலாம் குலோத்துங்கன் அரியணை ஏறும் வரையிலான வரலாற்றைச் சொல்லும் முதற்பாகம் 1935இலும், அதன் தொடர்ச்சியான இரண்டாம் பாகம் 1937இலும் வெளிவந்தன. இரண்டையும் இணைத்து, ஆசிரியரே திருத்தி, ஒரே நூலாக வெளியிட்டது 1955இல்தான். ஆனால், ஒரே அட்டைக்குள் இருப்பதாலேயே அது 1955 பதிப்பு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நூலகங்களில் இரு பாகங்களையும் சேர்த்துத் தைத்துவிடும் வழக்கம் உண்டு. ஆகவே குலோத்துங்கனின் ஆட்சி தொடங்கும் இடத்தைத் திறந்து, பக்க எண் அங்கே புதிதாக ஒன்றிலிருந்து தொடங்குகிறதா, முந்தைய எண்ணைத் தொடர்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் பதில்

தலைப்புப் பக்கம் இல்லாத ஆய்வு நூல்களுக்கு அடிக்குறிப்புகளே நல்ல சாட்சி. 1937க்குப் பின் வெளியான ஆய்வு எதையேனும் ஓர் அடிக்குறிப்பு சுட்டினால், அது முதற்பதிப்பாக இருக்க வழியில்லை. முன்னுரையின் தலைப்பையும் கவனியுங்கள்: 'முதற்பதிப்பின் முன்னுரை' என்று தலைப்பிட வேண்டிய தேவை, இரண்டாம் பதிப்பு வரும்போதுதான் எழும். ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். காணப்பட்டால் மேற்கொண்டு ஆராயவே வேண்டாம். அந்த முறை 1970இல்தான் உலகத் தர அளவாயிற்று.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. குலோத்துங்கன் பகுதியில் பக்க எண் இடைவெளியின்றித் தொடர்கிறது. 1940களில் வெளியான ஆய்வுகளைச் சுட்டும் அடிக்குறிப்புகளும் இருக்கின்றன. ஐ.எஸ்.பி.என். எங்கும் இல்லை. அப்படியானால் இது 1955ஆம் ஆண்டுப் பிரதிதான் என்று கொள்ளலாமா?

முதல் பதில்

முதற்பதிப்பு அல்ல என்பது உறுதி. ஆனால் 1955 பதிப்பு 1975இல் மறுஅச்சாகவும் வந்தது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருந்திருக்க வேண்டிய விவரம் உங்களிடம் இல்லாததால், கடைசித் தாளில் அச்சகத்தின் பெயரோ ஆண்டோ உள்ளதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், கன்னிமாரா போன்ற ஒரு நூலகத்தில் உள்ள முழுப் பிரதியோடு தாளையும் எழுத்துருவையும் ஒப்பிடுவதே வழி. படிப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால், ஆசிரியரே திருத்திய பாடம் இது, தயங்காமல் வாங்கலாம். முதற்பதிப்பின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்

கடைசித் தாளையும் பார்த்துவிட்டு, மறுபதிப்புக்குரிய விலையை விற்பவரிடம் கேட்கிறேன்.