இன்ஃப்யூஷன் பம்ப்புக்கு வைஃபை தேவையா?

கழுகுக்கண்:
நரம்பு வழியாக மருந்தை அளந்து செலுத்தும் ஐசியூ இன்ஃப்யூஷன் பம்ப்புகளுக்கு வைஃபையே கூடாது என்பது என் கட்சி. ஹாஸ்பிரா நிறுவனத்தின் சிம்பிக் பம்ப்பைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி 2015 ஜூலையில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது. மருத்துவமனை நெட்வொர்க்குக்குள் புகுந்தவர் கட்டிலருகே வராமலேயே மருந்து போகும் வேகத்தை மாற்றலாம் என்பதுதான் காரணம். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பயோமெட்காரன்:
அறிவிப்பில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். இணைப்பைத் துண்டித்தால் டிரக் லைப்ரரியை, அதாவது மருந்துகளின் செறிவும் அளவு வரம்பும் அடங்கிய பட்டியலை, ஒவ்வொரு பம்ப்பிலும் கையால் ஏற்ற வேண்டும், வேலை கூடும், பிழையும் நேரும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது.

பிழை எப்படி வரும் என்று பாருங்கள். ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் கரைசலை 250 மி.லி.யில் 4 மி.கி. என்பதிலிருந்து 50 மி.லி.யில் 4 மி.கி. என்று பார்மசி மாற்றுகிறது. மி.லி.க்கு 16 மைக்ரோகிராமாக இருந்தது 80 ஆகிறது. லைப்ரரி மாறாத பம்ப் ஒன்று வார்டில் தங்கிவிட்டது. 70 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்று செவிலியர் சரியாகவே போடுகிறார். பம்ப் பழைய 16-ஐ வைத்துக் கணக்கிட்டு மணிக்கு 26.25 மி.லி. ஓட்டுகிறது. ஓட வேண்டியது 5.25. ஐந்து மடங்கு மருந்து உள்ளே போகும்போதும் திரையில் 0.1 என்றே நிற்கும். பம்ப்பின் கணக்கில் எந்த வரம்பும் தாண்டவில்லை, அதனால் அலாரமும் அடிக்காது.

கழுகுக்கண்:
வைஃபை இருந்தால் மட்டும் தப்பிவிடுமா? பல மாடல்களில் புது லைப்ரரி இறங்கினாலும் பம்ப்பை அணைத்துப் போட்டால்தான் அமலுக்கு வரும். இடைவிடாமல் ஓடும் பம்ப்பில் பழையதுதான் இருக்கும்.

பயோமெட்காரன்:
உண்மை. ஆனால் எந்த சீரியல் எண்ணில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று சர்வர் காட்டிவிடும், தேடிப் பிடிக்கலாம். இணைப்பில்லாமல் ஸ்டோர் அலமாரியில் கிடக்கும் பம்ப் யார் கண்ணிலும் படாது.

வலைவாசல்:
பம்ப்புகளைத் தனி விலானில் (நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி) போட்டு, பம்ப் சர்வரின் ஒரே முகவரி, ஒரே போர்ட்டுக்கு மட்டும் ஃபயர்வாலில் வழிவிடுங்கள். தொலைவிலிருந்து உள்நுழையும் டெல்நெட்டின் போர்ட் 23, கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் போர்ட் 20, 21 மூடியே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பாஸ்வேர்ட் வேண்டாம், பம்ப்புக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் (கருவியின் அடையாளத்தை நெட்வொர்க்குக்கு நிரூபிக்கும் கோப்பு) என்று கொடுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: எல்லாச் சான்றிதழையும் ஒரே நாளில் ஏற்றினால் ஒரே நாளில் காலாவதியாகி மொத்த பம்ப்புகளும் ஒன்றாகத் துண்டிக்கப்படும். தேதிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். பம்ப்பின் கடிகாரம் தவறினாலும் நல்ல சான்றிதழே செல்லாமல் போகும். நோயாளிக்கு ஓடிக்கொண்டிருக்கும் கருவியைப் போர்ட் ஸ்கேன் (எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது) செய்யவே கூடாது. சில கருவிகள் அதிலேயே உறைந்துவிடும். நெட்வொர்க் ஸ்விட்சில், போக்குவரத்தின் நகலைத் தரும் மிரர் போர்ட் வைத்துக் கவனித்தால் போதும்.

கழுகுக்கண்:
இதெல்லாம் ஏட்டளவில் சரி. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத்தொகை கேட்கும் வைரஸ் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸை முடக்கியபோது, அதைத் தடுக்கும் விண்டோஸ் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) மார்ச்சிலேயே வந்திருந்தது. கருவிக்குள் இருக்கும் விண்டோஸில் தயாரிப்பாளர் சரிபார்க்காத பேட்சைப் போடவும் மருத்துவமனை தயங்கும். சர்வீஸுக்காகத் திறந்த ரிமோட் வழியும் மூடப்படாமலே கிடக்கும். லைப்ரரி இறங்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். வேகத்தை மாற்றும் கட்டளை நெட்வொர்க் வழியாக வரக் கூடாது.

பயோமெட்காரன்:
மருந்தளவை நெட்வொர்க் வழியாகப் பம்ப்பில் நிரப்பும் ஆட்டோ புரோகிராமிங்கில் மருத்துவரின் ஆர்டர்தான் வரும். நோயாளியின் கைப்பட்டை, மருந்துப் பை, பம்ப் மூன்றின் பார்கோடையும் ஸ்கேன் செய்து செவிலியர் ஸ்டார்ட் அழுத்தினால்தான் ஓடும். 5.25-க்குப் பதில் 52.5 என்று விரல் தவறுவதை அது தடுக்கிறது. அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

கழுகுக்கண்:
மோட்டாரை ஓட்டும் சிப்பும் நெட்வொர்க் சிப்பும் தனித்தனியா, ஸ்டார்ட் பொத்தான் நேராக மோட்டார் பக்கம் போகிறதா என்று தயாரிப்பாளர் எழுத்தில் தரட்டும். வெறும் மென்பொருள் விதி என்றால் நான் ஏற்கமாட்டேன்.

வலைவாசல்:
வாங்குமுன் ஒரு சோதனையும் செய்யுங்கள். பம்ப்பில் தண்ணீரை மணிக்கு 5 மி.லி. ஓடவிட்டு முதலில் வைஃபை அக்சஸ் பாயிண்டை அணையுங்கள், அடுத்து சர்வரை. வேகம் மாறினாலோ நின்றாலோ அந்த மாடல் வேண்டாம். இணைப்பு திரும்பும்போதும் பக்கத்திலேயே நில்லுங்கள்: சர்வரில் தேங்கியிருந்த பழைய ஆர்டர் பம்ப்புக்கு வந்து சேர்ந்தால், அப்போதும் வேண்டாம்.