காங்கோவிலிருந்து வந்த பிள்ளையின் வகுத்தல் கணக்கு

சாட்ஸ்வொர்த் (தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர்ப் பகுதி), ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்:

சனிக்கிழமைகளில் எங்கள் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். முதலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்தான் வந்தார்கள். அப்புறம் டர்பன் நகருக்குள் குடியிருக்கும் காங்கோ, புருண்டி குடும்பத்துப் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள்.

அவர்களில் ஒரு பெண் கிழக்குக் காங்கோவில் பிரெஞ்சு வழியில் படித்தவள். கணக்கு வரவில்லை என்று பள்ளியில் ஒரு வகுப்பு இறக்கிவிட்டிருந்தார்கள். நோட்டைப் பிரித்துப் பார்த்தால், வகுத்தல் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. ஆனால் விடை அத்தனையும் சரி! அவள் ஊரில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதி, நடுவே கோடு கிழித்து, ஈவை அதற்குக் கீழே போடுவார்கள். நாம் வகுக்கும் எண்ணை இடப்பக்கம் வைத்து, ஈவை மேலே எழுதுகிறோம். போதாததற்கு, இவள் கழித்தலை மனத்திலேயே முடித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதியிருந்தாள். வழிமுறை இல்லை என்று தப்புப் போட்டுவிட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை!

அவளைப் பலகையில் அவள் முறையிலேயே போட்டுக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் நம் முறையையும் எழுதினேன். நோட்டோடு பள்ளிக்கும் போனேன். வகுப்பாசிரியர் நல்ல மனிதர், பார்த்ததும் புரிந்துகொண்டார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை "பாஸ் பண்ணினால் போதும்" என்று விட்டுவிடுவது எனக்கு ஒப்பவே இல்லை. கிரேடு 10-இல் முழுக் கணிதமா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லிக்கொடுக்கும் மேத்ஸ் லிட்டா (Mathematical Literacy) என்று எடுக்க வேண்டும். சுலபமாக இருக்கும் என்று மேத்ஸ் லிட்டில் தள்ளிவிட்டால், இன்ஜினியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். மெட்ரிக்கில், அதாவது கிரேடு 12 இறுதித் தேர்வில், பட்டப்படிப்புக்கான தேர்ச்சிக்கு நான்கு பாடங்களிலாவது 50 விழுக்காடு வேண்டும். அந்தக் குறியோடுதான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்.

பீனிக்ஸ் (டர்பனின் இன்னொரு பகுதி), ஒரு தம்பி:

டீச்சர் அக்கா, எங்கள் பக்கம் பள்ளி வாசலிலேயே தடை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் தங்கும் பர்மிட் காலாவதியாகிவிட்டது, பையனுக்குப் பிறப்புச் சான்றிதழும் இல்லை. சேர்க்க மாட்டோம் என்றார்கள். 2019 டிசம்பரில் இந்நாட்டின் மக்காண்டா நகர உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். காகிதம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்தக் கூடாது, பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் பெற்றோரின் சத்தியப் பிரமாணத்தை ஏற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தாயார் போலீஸ் ஸ்டேஷனில் பிரமாணம் எழுதிக்கொடுத்தார், பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். 1860-இல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் இங்கே வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பள்ளி சும்மா கிடைக்கவில்லை. நம் பெரியவர்கள் கைக்காசு போட்டுக் கட்டிய பள்ளிகள் எத்தனை! அதனால் இதில் தலையிட எனக்குத் தயக்கமே வரவில்லை.

சாட்ஸ்வொர்த்:

தம்பி, அந்தத் தீர்ப்பின் நகலை எனக்கும் அனுப்புங்கள், மண்டபத்தில் ஒட்டிவைக்கிறேன். அந்தப் பெண் கிரேடு 10-இல் கணிதமே எடுத்திருக்கிறாள். இயற்பியலை ஸ்வாஹிலியிலோ பிரெஞ்சிலோ விளக்கக்கூடியவர் யாராவது இருந்தால், ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.