சேலத்திலிருந்து ஒரு உதவி: ஹோமோபாலிமர் (ஒரே வகை அலகுகளாலான சங்கிலி) சேர்த்ததும் மாற்ற வெப்பநிலை பட்டையாக விரிகிறது

பாலிஸ்டைரீன்–பாலிஐசோபிரீன் டைபிளாக் (இரு பாலிமர் துண்டுகள் முனையோடு முனை இணைந்த சங்கிலி), துண்டுக்கு 8,000 மூலக்கூறு எடை. தனியாக எடுத்தால் 152 டிகிரியில் ஜி-பிரைம் (பொருளின் மீள்விறைப்பு) செங்குத்தாக விழுகிறது, லேமெல்லா (இரு துண்டுகளும் மாறிமாறி அடுக்கிய ஒழுங்கு) கலைகிறது. சிக்கல் எதுவும் இல்லை.

2,000 எடையுள்ள பாலிஸ்டைரீன் 10 சதவீதம் சேர்த்தால் மாற்றம் கீழே இறங்குகிறது. அது எதிர்பார்த்ததே: குட்டைச் சங்கிலிகள் பிளாக்குகளுக்குள் பரவி, ஒழுங்கைத் தளர்த்துகின்றன. 20,000 எடை சேர்த்தால் படலமே வெண்மையாகிவிடுகிறது, தனிக் கட்டமாகப் பிரிந்துவிட்டது.

தலைவலி 8,000 எடையுள்ள பாலிஸ்டைரீன்தான். நிமிடத்துக்கு 1 டிகிரி ஏற்றினால் வீழ்ச்சி சுமார் 15 டிகிரிக்கு விரிகிறது. இறக்கும்போது இன்னும் கீழே போய்த்தான் ஜி-பிரைம் திரும்புகிறது. கலவையில் ஒழுங்கும் குலைவும் சேர்ந்திருக்கும் இடைவெளி இருக்கலாம் என்பது தெரியும். ஆனால் இவ்வளவு அகலமா, அல்லது படலம் சரியில்லையா?

டொலுயீனில் 5 சதவீதக் கரைசல், ஐசோபிரீன் குறுக்குப் பிணைப்பு ஆகாமலிருக்க பிஎச்டி (BHT, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) கொஞ்சம், வெற்றிடத்தில் 120 டிகிரி, 12 மணி நேரம். சேலத்துச் சித்திரை வெயிலில் டொலுயீன் வேகமாகப் பறந்து மேலே தோல் கட்டுகிறது. தட்டை மூடிவைத்தும் முழுதாக நிற்கவில்லை. (ஏற்காட்டில் வார்க்கலாம் என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள்!)

எங்களிடம் சிறுகோண எக்ஸ்ரே சிதறல் கருவி இல்லை. ரியோமீட்டரை (ஜி-பிரைம் அளக்கும் கருவி) மட்டும் வைத்து, 2 டிகிரிக்கு ஒரு படியாக நிறுத்தி நிறுத்தி அளந்தால் உண்மையான இடைவெளியைப் பிரிக்க முடியுமா? ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?