மருத்துவப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம்: யாரிடம் வாங்குவது? (காரைக்குடி வட்டார அனுபவப் பகிர்வு)

செக்காலை ரோடு

பிள்ளைகளை வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு அனுப்பும் வீடுகள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறைய. கடிதம் எழுதுபவர்கள், விண்ணப்பம் பார்த்துக்கொடுப்பவர்கள் தங்கள் கண்ணில் படுவதை, ஊரையோ வேலையையோ தலைப்பில் போட்டு, இங்கே எழுதுங்கள். குழப்பம் வராமலிருக்க ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர்க்கை நீட் மதிப்பெண், கவுன்சலிங் இரண்டோடு முடிகிறது. அதில் பரிந்துரைக் கடிதத்துக்கு இடமே இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கேட்பது 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பதற்கான தலைமையாசிரியர் சான்று. "பெரிய இடத்துக் கடிதம் வாங்கித் தருகிறேன், சீட் நிச்சயம்" என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடிதம் உண்மையிலேயே எடைபோடப்படுவது அமெரிக்க ரெசிடென்சி (எம்பிபிஎஸ்ஸுக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி), அமெரிக்க எம்டி (அங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் படிப்பு), பிரிட்டன் மருத்துவப் படிப்பு போன்றவற்றில்தான். அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

மருத்துவக் கல்லூரி ஆசிரியர், சிவகங்கை

எம்பிபிஎஸ் முடித்து அமெரிக்க ரெசிடென்சிக்குப் போகும் பிள்ளைகள் முதலில் தேடுவது துறைத் தலைவரையும் டீனையும். நான் அப்படித் தேடச் சொல்ல மாட்டேன். வார்டில் தினமும் ரவுண்ட்ஸ் வரும் உதவிப் பேராசிரியர், அந்தப் பயிற்சி மருத்துவர் எழுதிய கேஸ் ஷீட்டைத் திருத்தியவர், இரவு டியூட்டியில் போனை எடுத்தவர்: இவர்களிடம்தான் எழுதுவதற்கு விஷயம் இருக்கும். யாரைக் கேட்பது என்று தடுமாறினால் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: உங்களைப் பற்றி வேறு யாராலும் எழுத முடியாத ஒரு வாக்கியத்தை இவரால் எழுத முடியுமா? முடியாது என்றால், அவர் பதவி எவ்வளவு உயரமானாலும் கடிதம் வெறும் தாள்.

பார்க்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் நன்னடத்தைச் சான்றிதழ் நடையில்தான் இருக்கின்றன. 'சின்சியர், ஒபீடியன்ட், ஹார்ட் வொர்க்கிங்' என்று மூன்று சொல், கடைசியில் எதிர்காலம் சிறக்க வாழ்த்து. நம் ஊரில் அது மரியாதையான கடிதம். அங்கே வாசிப்பவருக்கோ, எழுதியவருக்கு இந்த மாணவரைத் தெரியாது என்றுதான் பொருள்படும். வேண்டியது இதுதான்: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்த யூனிட்டில், என்ன பொறுப்பில் பார்த்தேன், ஒரு நோயாளி விஷயத்தில் இவர் என்ன கவனித்தார், என்ன செய்தார் (நோயாளியின் பெயரோ அடையாளமோ இல்லாமல்), தவறு சுட்டிக்காட்டியபோது எப்படி எடுத்துக்கொண்டார், சேர்ந்து பயின்ற இத்தனை பேரில் எந்த இடத்தில் வைப்பேன். ஒரு பக்கம் போதும், மிஞ்சினால் ஒன்றரை.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஓராண்டு இன்டர்ன்ஷிப்பில் ஜெனரல் மெடிசின் 6 வாரம், சர்ஜரி 6 வாரம், குழந்தை நலம் 3 வாரம்தான். குழந்தை நலத்தில் ரெசிடென்சி வேண்டும் என்கிறவர் 3 வாரத்தில் ஒரு பேராசிரியர் மனதில் பதிவது கடினம். எலெக்டிவ் (மாணவர் தேர்ந்தெடுக்கும் பயிற்சி) வாரங்களில் அதே துறையையோ அதை ஒட்டிய பிரிவையோ எடுக்க விதி இடம் கொடுத்தால், பார்வையில் இருக்கும் நாட்கள் கூடும். போஸ்டிங் முடிகிற வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் முகம்தான் நினைவிருக்கும்.

"நீயே எழுதிக்கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் எங்கள் பக்கம் நிறைய. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரே பிள்ளை எழுதிய மூன்று கடிதத்தில் மூன்றிலும் ஒரே சொற்கட்டு, ஒரே அடைமொழி வரும். வரிசையாக வாசிப்பவருக்கு இரண்டாவது கடிதத்திலேயே தெரிந்துவிடும். அது நேர்மையும் இல்லை. கடிதத்துக்குப் பதில் ஒரு பக்கக் குறிப்புத் தாள் கொடுங்கள்: போஸ்டிங் தேதிகள், கூடப் பார்த்த நான்கைந்து கேஸ்கள், வகுப்பில் எடுத்த செமினார் தலைப்பு, எந்தத் துறைக்கு விண்ணப்பம், எந்தத் தேதிக்குள் கடிதம் வேண்டும். ஆசிரியருக்கு நினைவு திரும்பும், எழுத்து அவருடையதாகவே இருக்கும்.

தேவகோட்டை – இப்போது அமெரிக்காவில், இன்டர்னல் மெடிசின்

ஐயா சொன்னதோடு ஈராஸ் (ERAS, அமெரிக்க ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் இணையத்தளம்) பக்கத்து விவரங்களைச் சேர்க்கிறேன். ஒரு புரோகிராமுக்கு (ஒரு மருத்துவமனையின் ஒரு துறைப் பயிற்சிக்கு) அதிகபட்சம் 4 கடிதம்தான் ஒதுக்க முடியும். கணக்கில் அதற்கு மேல் கடிதங்கள் இருக்கலாம், எந்தப் புரோகிராமுக்கு எந்த நான்கு என்று நீங்கள் பிரித்துக்கொள்ளலாம். இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. இன்டர்னல் மெடிசினுக்கும் நியூராலஜிக்கும் சேர்த்துப் போடுகிறவர் இரண்டுக்கும் அதே நான்கு கடிதங்களை அனுப்பிவிடுகிறார். கடிதத்துக்குள்ளேயே "நியூராலஜிக்குப் பரிந்துரைக்கிறேன்" என்று எழுதியிருந்தால், மெடிசின் புரோகிராமில் அதை வாசிப்பவர் என்ன நினைப்பார்?

ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனி கோரிக்கைப் படிவம், தனி எண். படிவத்தை எழுதுபவருக்கு அனுப்ப வேண்டும். அவர்தான் போர்ட்டலில் நுழைந்து ஏற்ற வேண்டும், மாணவர் ஏற்றக் கூடாது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும் இடத்தில் 'ஆம்' கொடுங்கள். விட்டுக்கொடுக்காத கடிதத்தை மாணவர் பார்வைக்கு எழுதியது என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு மதிப்புக் குறையும். விண்ணப்பம் போன பிறகு ஒரு புரோகிராமுக்கு ஒதுக்கிய கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே நான்கு இடத்தையும் முதல் நாளே நிரப்பிவிடாதீர்கள். நல்ல கடிதம் ஒன்று பின்னால் வரும் என்று தெரிந்தால் ஓர் இடத்தைக் காலியாக வைத்துவிட்டு மூன்றோடு அனுப்பலாம், வந்ததும் ஒதுக்கலாம்.

நான்கில் எவை? அமெரிக்க மருத்துவமனையில் நேரடியாக நோயாளியைப் பார்த்த எலெக்டிவ் செய்திருந்தால் அங்கிருந்து இரண்டு, முடிந்தால் மூன்று. அப்சர்வர்ஷிப் (நோயாளியைத் தொடாமல் பார்வையாளராக மட்டும் இருக்கும் பயிற்சி) கடிதம் அதற்கு அடுத்த தட்டுதான். பின்னால் நின்று பார்த்தவரைப் பற்றி "ஆர்வமாகக் கேள்வி கேட்டார்" என்பதற்கு மேல் எதை எழுதுவது? ஊர்க் கல்லூரியிலிருந்து, ஐயா சொன்ன மாதிரி கூட இருந்து பார்த்தவரின் கடிதம் ஒன்று கட்டாயம் வையுங்கள். அப்சர்வர்ஷிப் கடிதம் இரண்டை விட அந்த ஒன்று மேல் என்பது என் கருத்து. ஆய்வுக் கடிதம் என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

புரோகிராம்கள் விண்ணப்பங்களைத் திறப்பது செப்டம்பர் கடைசியில். ஜூன் மாதமே கேட்டு, ஆகஸ்டுக்குள் ஏற்றச் சொல்லுங்கள்.

பழைய பேருந்து நிலையம், பிரவுசிங் சென்டர்

இங்கே ஸ்கேன் செய்ய வரும் கடிதங்களில் அடிக்கடி காணும் கோளாறுகளைச் சொல்கிறேன். பெயர்தான் முதல் தலைவலி. கல்லூரிப் பதிவில் 'எம். மெய்யப்பன்', பாஸ்போர்ட்டில் 'மெய்யப்பன் முத்தையா' என்று இருக்கும். கடிதத்தில் 'டாக்டர் முத்தையா' என்று அப்பா பெயரைப் போட்டு எழுதியிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயரையும், ஈராஸ் என்றால் ஏஏஎம்சி எண்ணையும் (விண்ணப்பதாரரின் அடையாள எண்) கடிதத்தின் தலைப்பில் இடச் சொல்லுங்கள்.

அடுத்தது பழைய கடிதத்தை வைத்து அடிப்பது. பெண் பிள்ளை கடிதத்தில் நடுவே 'ஹி', 'ஹிஸ்' வரும். வேறு மாணவர் பெயர் மூன்றாம் பத்தியில் ஒளிந்திருக்கும். லெட்டர்ஹெட் இல்லாமல் வெள்ளைத் தாளில் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் குத்திக் கொண்டுவருவார்கள். லெட்டர்ஹெட், கையெழுத்து, தேதி, பதவி, மின்னஞ்சல் எல்லாம் வேண்டும். போனில் படம் எடுத்தால் ஓரம் நிழல் விழும். தட்டையான ஸ்கேனரில் 300 டிபிஐ வைத்து, எல்லாப் பக்கத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். கடவுச்சொல் போட வேண்டாம், போர்ட்டலில் ஏறாது. ஸ்கேன் ஆன கோப்பு பேராசிரியருக்குத்தான் போக வேண்டும், மாணவரின் பென் டிரைவுக்கு அல்ல.

கோட்டையூர், மேல்நிலைப் பள்ளி ஆசிரியை

பிரிட்டன் கதை வேறு. அங்கே பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொதுத் தளமான யூகாஸில் (UCAS) கட்டுக்கட்டாகக் கடிதம் கேட்பதில்லை, ஒரே ஒரு ரெஃபரன்ஸ் (ஆசிரியர் எழுதும் பரிந்துரை). 2024 சேர்க்கையிலிருந்து அது மூன்று பகுதி: பள்ளியைப் பற்றிய பொதுக் குறிப்பு, மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதாவது இருந்தால் அது, மாணவரைப் பற்றி மற்றவை. மூன்றும் சேர்த்து 4000 எழுத்துகளுக்குள். முதல் பகுதியில் பள்ளியின் பெருமையை எழுதி இடத்தைத் தீர்க்க வேண்டாம். எந்தப் பாடத்திட்டம், வகுப்பில் எத்தனை பேர், பிராக்டிகல் எப்படி நடக்கிறது என்று நான்கு வரி போதும். இரண்டாம் பகுதியில் சொல்ல எதுவும் இல்லையென்றால் காலியாகவே விடலாம், வலிந்து சோகத்தைத் தேட வேண்டாம். மூன்றாவதில் வேதியியல், உயிரியல் ஆசிரியர்கள் கண்டதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். டைட்ரேஷனில் அளவு ஒத்துவராதபோது மறுபடி செய்து பார்த்த பிள்ளையா, பக்கத்துப் பிள்ளையின் அளவை எழுதிக்கொண்ட பிள்ளையா என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

எதிர்பார்க்கும் மதிப்பெண்ணைத் தனி இடத்தில் கேட்பார்கள். பாசத்தில் கூட்டிப் போட்டால் முடிவு வரும்போது பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. நமக்கு இரவு 10.30. பள்ளி யூகாஸில் பதிவான மையமாக இல்லையென்றால் மாணவர் தனியாக விண்ணப்பித்து ஆசிரியரின் மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும், அவருக்கு இணைப்பு வரும். ரெஃபரன்ஸ் முடியாமல் விண்ணப்பம் போகாது. காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் அந்த நாட்களை ஒட்டியே வரும். ஊருக்குப் போன ஆசிரியரைப் பிடிக்க முடியாமல் கடைசி இரவில் தவிக்கிறார்கள். செப்டம்பர் 15-க்குள் முடித்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் – நியூ ஜெர்சி

இங்கே அமெரிக்காவிலேயே இளங்கலை படித்து எம்டிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு. எம்டி படிப்புக்கு விண்ணப்பிக்கும் தளமான ஏஎம்காஸில் (AMCAS) 10 கடிதம் வரை இடம் உண்டு. அதற்காகப் பத்தும் நிரப்ப வேண்டியதில்லை. கல்லூரியில் ப்ரீமெட் கமிட்டி (மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் குழு) இருந்தால் அவர்கள் தரும் கமிட்டிக் கடிதம் ஒரே கடிதமாகவே எண்ணப்படும், அதற்குள் எத்தனை பேர் எழுதியிருந்தாலும். அறிவியல் பேராசிரியர்கள் இரண்டு பேர் வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதம் வரவில்லையே என்று விண்ணப்பத்தை நிறுத்திவைக்காதீர்கள், மதிப்பெண் சரிபார்ப்பு அதற்காகக் காத்திருப்பதில்லை. கோடை விடுமுறையில் ஊருக்கு வந்து சிக்ரியிலோ (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) அழகப்பா பல்கலைக்கழகத்திலோ ஆய்வகத்தில் வேலை செய்திருந்தால், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த விஞ்ஞானி எழுதட்டும், இயக்குநர் வேண்டாம்.

செக்காலை ரோடு

நன்றி. இரண்டு கேள்வி அடிக்கடி வருகிறது. மலேசியாவில் டாக்டராக இருக்கும் தாய்மாமா எழுதலாமா? கோயில் காரியக்காரர், அறக்கட்டளைத் தலைவர் கடிதம் வைக்கலாமா?

கோட்டையூர், மேல்நிலைப் பள்ளி ஆசிரியை

மாமா வேண்டாம். யூகாஸில் உறவினரும் நண்பரும் ரெஃபரன்ஸ் எழுதக் கூடாது என்றே விதி இருக்கிறது.

மருத்துவக் கல்லூரி ஆசிரியர், சிவகங்கை

அறக்கட்டளை நடத்தும் மருத்துவ முகாமில் பிள்ளை உண்மையிலேயே வேலை பார்த்திருந்தால், முகாமில் கூட இருந்த மருத்துவர் எழுதட்டும். எத்தனை முகாம், ரத்த அழுத்தம் பார்த்தாரா, பதிவேடு எழுதினாரா, மொழி தெரியாத முதியவரிடம் எப்படிப் பேசினார் என்று அவரால் சொல்ல முடியும். தலைவர் கடிதத்தில் அறக்கட்டளையின் வரலாறுதான் இருக்கும்.

இன்னொன்று. அரசுக் கல்லூரிப் பேராசிரியர்கள் மாற்றலாகிப் போவார்கள். அப்படிப் போனவரிடம் பழைய கல்லூரி லெட்டர்ஹெட் கேட்காதீர்கள். இப்போது இருக்கும் இடத்து லெட்டர்ஹெட்டில், "இன்ன ஆண்டு இன்ன கல்லூரியில் என் யூனிட்டில் இருந்தார்" என்று எழுதினால் போதும். நினைவூட்ட வேண்டியிருந்தால் மின்னஞ்சலில் கோரிக்கைப் படிவத்தை மறுபடி இணைத்து அனுப்பிவிட்டு, ஓபி முடிந்த பிறகு, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் போன் பண்ணுங்கள்.