அப்போலோ பொருள்களை மதிப்புத் தெரியாமல் ஏலத்தில் போட்டுவிட்டேன், இன்னும் 4 நாள் இருக்கிறது: என்ன செய்வது?

பழம்பெட்டி:
வணக்கம். ஒரு பெட்டி நிறைய அப்போலோ நிலவுப் பயணக் காலத்துப் பொருள்கள். மொத்தத்தையும் ஒரே லாட்டாக ஈபேயில் 7 நாள் ஏலத்தில் போட்டிருக்கிறேன். தொடக்க விலை மிகக் குறைவு, ரிசர்வ் விலை (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற விலை) வைக்கவில்லை. இரண்டு பேர் ஏலம் கேட்டிருக்கிறார்கள், விலை நகரவே இல்லை. இதற்கிடையில் ஒருவர், "ஏலத்தை நிறுத்திவிட்டு எனக்கே கொடுங்கள், பணத்தை நேரடியாக அனுப்புகிறேன்" என்று மெசேஜ் போடுகிறார்.

பெட்டியில் இருப்பவை: அப்போலோ 11 வீரர்கள் மூவரும் கையெழுத்திட்ட 8×10 அங்குலப் படம் ஒன்று, 1969 முத்திரையுள்ள முதல்நாள் உறைகள் (தபால்தலை வெளியான நாள் முத்திரையோடு வருபவை) சுமார் 30, வண்ணப் படங்கள் 11, எம்பிராய்டரி சின்னங்கள் 6, ஓரத்தில் எண் பொறித்த சிறிய வெள்ளிப் பதக்கம் 1. கொடுத்துவிடலாமா, ஏலத்தை ஓடவிடலாமா?

சுத்தியல்:
முதலில் அந்த மெசேஜுக்குச் சம்மதிக்காதீர்கள். தளத்துக்கு வெளியே பணம் வாங்கினால் விற்பவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. அதோடு, ஒருவர் இப்படி அவசரப்படுகிறார் என்றால் உங்கள் படங்களில் நீங்கள் கவனிக்காத எதையோ அவர் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு.

விலை நகரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சேகரிப்பாளர்கள் கடைசிச் சில விநாடிகளில்தான் தொகையைப் போடுவார்கள். முன்கூட்டியே உச்சத் தொகையைப் பதிந்து வைத்தவர் இருந்தாலும், இரண்டாவதாக வந்தவரின் தொகைக்குச் சற்று மேலேதான் விலை நிற்கும்.

ஆனாலும் இந்த ஏலத்தை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் விலை அல்ல. என்ன விற்கிறோம் என்று தெரியாமல் ஐந்து வகையை ஒரே லாட்டில் கட்டியதுதான் பிழை. பதக்கம் வேண்டுபவருக்கு 30 உறை சுமை, அதற்கும் சேர்த்துக் குறைத்துத்தான் கேட்பார். யாராவது ஏலம் கேட்ட பிறகு தலைப்பைத் திருத்த முடியாது, விவரணையில் சேர்க்க மட்டுமே முடியும். முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது, கேட்டவர்களின் தொகையை ரத்து செய்துவிட்டுப் பட்டியலை எடுத்துவிடலாம். அந்த 12 மணி நேரத்துக்குள் போய்விட்டால் கை கட்டப்பட்டுவிடும். பட்டியலில் பிழை என்று காரணம் கொடுங்கள். அது உண்மையும்கூட. அடிக்கடி செய்தால் கணக்குக்குக் கட்டுப்பாடு வரும், அதனால் இந்த ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உருப்பெருக்கி:
கையெழுத்துப் படத்தைப் பற்றி. "மூவரும் கையெழுத்திட்டது" என்று எழுதி விற்று, அது இல்லை என்று தெரிந்தால், "விவரணைப்படி இல்லை" என்று வாங்கியவர் திருப்பி அனுப்பலாம். நீங்கள் "திருப்பி எடுப்பதில்லை" என்று போட்டிருந்தாலும் அது செல்லாது.

10 மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸை எடுத்து மூன்றைப் பாருங்கள். ஒன்று, கோடு நுண்ணிய புள்ளிகளாக உடைகிறதா? உடைந்தால் அச்சு. படத்தை விளக்கொளியில் சாய்க்கும்போது மை தனிப் பளபளப்போடு மேலே உட்கார்ந்திருந்தால் அச்சு இல்லை. இரண்டு, கோட்டின் தடிமன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மாதிரியா? மூன்று, கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சிறு மைப்பொட்டு இருக்கிறதா? மனிதக் கை ஓடிக்கொண்டே இறங்கும், ஓடிக்கொண்டே எழும், அதனால் நுனி மெலியும். ஆட்டோபென் என்ற கையெழுத்துப் போடும் இயந்திரம் பேனாவை வைத்து, நின்று, பிறகுதான் நகரும்; கோடும் ஒரே தடிமனில் வரும்.

நாசா வீரர்களின் பெயரில் ஆட்டோபென் ஏராளமாகப் பயன்பட்டது. அந்த இயந்திரக் கையெழுத்துகளின் மாதிரிகளைச் சேகரிப்பாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். உங்கள் கையெழுத்தை அதே அளவில் ஸ்கேன் செய்து மேலே பொருத்துங்கள். அப்படியே படிந்தால் இயந்திரம்தான். ஒரு மனிதன் ஒரே கையெழுத்தை இரண்டு முறை அச்சடித்தாற்போலப் போடுவதில்லை.

ஆம்ஸ்ட்ராங் 1994இல் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டார், 2012இல் காலமானார். அதனால் அவர் கையெழுத்துக்குத் தேவை அதிகம், போலிகளும் அதிகம். சான்றளிப்பு நிறுவனத்துக்கு அனுப்பாமல் விற்க வேண்டாம்.

பழம்பெட்டி:
நன்றி. ஏலத்தை நிறுத்திவிட்டேன். பார்த்த வரை: ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் இரண்டிலும் கோடு ஒரே தடிமன், இரண்டு முனையிலும் பொட்டு. காலின்ஸ் கையெழுத்தில் நுனிகள் மெலிகின்றன. வண்ணப் படங்களில் இடது மேல் மூலையில் சிவப்பில் "நாசா ஏஎஸ்11-40-5903" போன்ற எண். பின்புறம் சாய்வாக "ஏ கோடக் பேப்பர்" என்று திரும்பத் திரும்ப மங்கலாகத் தெரிகிறது. உறைகளில் ஜூலை 20 முத்திரை இருக்கிறதே, நிலவில் இறங்கிய அன்றே அடித்ததா?

முத்திரைக்காரர்:
இல்லை. அந்த உறைகளில் ஒட்டிய 10 சென்ட் விமானத் தபால்தலை வெளியானதே 1969 செப்டம்பர் 9. உறையில் இரண்டு முத்திரை இருக்கும், நன்றாகப் பாருங்கள்: ஒன்று ஜூலை 20 என்ற நினைவு முத்திரை, இன்னொன்று வெளியீட்டு நாளுக்கானது. இந்த முதல்நாள் உறைகள் 80 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டன. அதனால் முப்பதையும் ஒரே கட்டாக விற்றுவிடுங்கள், நேரம் செலவழிக்க வேண்டாம். உண்மையான வீரர் கையெழுத்து எதிலாவது இருந்தால் மட்டும் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

உருப்பெருக்கி:
அந்தப் படங்கள்தான் பெட்டியின் நல்ல பகுதி. 5903 என்பது ஆல்ட்ரின் நிலவில் நிற்க, முகக்கவசத்தில் ஆம்ஸ்ட்ராங் பிரதிபலிக்கும் படம். வண்ணப் படத்தில் சிவப்பு எண்ணும், பின்னால் அந்தக் கோடக் வரியும் சேர்ந்திருந்தால் அந்தக் காலத்து அச்சு என்று சேகரிப்பாளர்கள் ஏற்பார்கள். எண் கறுப்பில் இருந்தால் பெரும்பாலும் பிந்தைய அச்சு. பதினொன்றையும் தனித்தனியாகப் பட்டியலிடுங்கள். எண்ணைத் தலைப்பிலேயே போடுங்கள், தேடுபவர்கள் எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். ஒவ்வொன்றையும் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், பிறகு சாய்வான வெளிச்சத்தில் ஒன்று எனப் படம் எடுத்துப் போடுங்கள். மடிப்பை மறைத்து எடுத்தால் அது திரும்பி வந்துவிடும்.

கையெழுத்துப் படத்தை, "காலின்ஸ் கையெழுத்து சான்று பெற்றது, மற்ற இரண்டும் ஆட்டோபென்" என்று நேர்மையாக எழுதலாம், சான்று வந்த பிறகு.

சுத்தியல்:
பதக்கத்தைத் துடைக்காதீர்கள், பாலிஷ் போடவே போடாதீர்கள். ராபின்ஸ் நிறுவனம் வீரர்களுக்காகச் செய்த ஸ்டெர்லிங் வெள்ளிப் பதக்கங்களில் வரிசை எண் உண்டு. நிலவுப் பயணத்தில் எடுத்துச் செல்லப்பட்டவையும் உண்டு, செல்லாதவையும் உண்டு. எண் இருப்பதாலேயே ராபின்ஸ் ஆகிவிடாது. ஓரத்தில் தயாரிப்பாளர் குறியும் "ஸ்டெர்லிங்" என்ற சொல்லும் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் ஈபே வேண்டாம். ஹெரிடேஜ், ஆர்ஆர் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவுகளில் அதே பயணத்தின் பதக்கங்களை எண்ணோடு தேடுங்கள், பிறகு அவர்களுக்கே படம் அனுப்பிக் கேளுங்கள். விற்பவரிடம் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள், விற்காவிட்டால் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஈபேயில் விலை பார்க்கும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், "விற்றவை" வடிகட்டியைப் போடுங்கள். அதிலும் விலை அடித்துக் காட்டப்பட்டிருந்தால் பேரம் பேசி அதற்குக் குறைவாக முடிந்தது என்று பொருள்.

பழம்பெட்டி:
எம்பிராய்டரி சின்னங்கள்? படங்களை எப்படி அனுப்புவது?

முத்திரைக்காரர்:
சின்னத்தின் பின்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் பிற்கால நினைவுப்பொருள், ஆறையும் சேர்த்து விற்கலாம். விண்வெளி உடையில் தைத்தவை எம்பிராய்டரி அல்ல. 1967 தீவிபத்துக்குப் பிறகு பீட்டா துணி என்ற தீப்பிடிக்காத கண்ணாடியிழைத் துணியில் அச்சிட்டவை அவை.

படங்களுக்கு பிவிசி உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் மென்மையாக்கி மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். மைலார் (பாலியெஸ்டர்) அல்லது பாலிபுரோப்பிலீன் உறையில் போட்டு, அமிலமற்ற அட்டையோடு சேர்த்து, படத்தைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிய நெளி அட்டை இரண்டுக்கு நடுவில் வையுங்கள். ஒரு அட்டையின் நெளிவு நெடுக்காகவும் மற்றதன் நெளிவு குறுக்காகவும் இருக்கட்டும், அப்போதுதான் எந்தப் பக்கமும் மடியாது. டேப் உறையில் மட்டும் ஒட்ட வேண்டும், படத்தைத் தொடக் கூடாது. சுருண்ட படத்தை இஸ்திரி போட்டு நேராக்க முயலாதீர்கள், சுருளோடே விற்கலாம், அதையும் விவரணையில் எழுதிவிடுங்கள்.