மட்டக்களப்புத் தீர்ப்பை வைத்து லண்டனில் காசு வாங்க முடியுமா?

படுவான்கரையான்:
வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நெல் வெட்டும் மெசின் கூட்டாக எடுப்போம் என்று ஒருவர் அப்பாவிடம் 60 லட்சம் வாங்கினார், மெசினும் வரவில்லை காசும் வரவில்லை. மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். வழக்கு நடக்கும்போதே ஆள் லண்டன் போய்விட்டார், ஆனால் அவருடைய சட்டத்தரணி கடைசி வரை வந்து வாதாடினார். போன ஆவணியில் எங்களுக்குத் தீர்ப்பு வந்தது, அவர்கள் அப்பீலும் போடவில்லை. இப்போது போன் எடுத்தால், தீர்ப்பை பிரேம் போட்டு மாட்டு என்கிறார். லண்டன் பொலிசில் தீர்ப்பைக் காட்டினால் நடவடிக்கை எடுப்பார்களா?

வாவிக்கரை:
தம்பி, பொலிசை மறந்துவிடுங்கள், இது சிவில் கடன். இங்கத்தைய தீர்ப்பு அங்கே தானாகச் செல்லாது, ஆனால் வழி இருக்கிறது. பிரிட்டனின் 1920-ம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டத்தில் இலங்கையும் பட்டியலில் உள்ள நாடு. அதன்படி லண்டன் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பைப் பதிவு செய்யக் கேட்கலாம். தீர்ப்பு வந்து 12 மாதத்துக்குள் கேட்க வேண்டும், பிந்தினால் நீதிமன்றம் மனம் வைத்தால்தான். அதனால் தீர்ப்பின் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆள் வழக்குக்கே வராமல் வெளிநாட்டில் இருந்திருந்தால் கஷ்டம்தான், ஆனால் உங்கள் கேசில் வழக்குப் போடும்போது இங்கேதான் இருந்தார், சட்டத்தரணியும் புறொக்சி (அவருக்காகத் தோன்றும் அதிகாரப் பத்திரம்) போட்டுத் தோன்றியிருக்கிறார், அது உங்களுக்குப் பெரிய பலம். ஒரு சிக்கல், அந்தச் சட்டம் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றித்தான் பேசுகிறது, மாவட்ட நீதிமன்றம் அதற்குள் வருமா என்று எதிர்த்தரப்பு இழுத்தடிக்கலாம். அப்படியானால் தீர்ப்பையே கடனாக வைத்து அங்கே புதிதாக வழக்குப் போடலாம், அதற்கு 6 வருடம் இருக்கிறது. மெசின் கதையை முதலிலிருந்து நிரூபிக்கத் தேவையில்லை. தீர்ப்பு தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்முனை மச்சான்:
2024-ல் இதற்கென்று புதுச் சட்டம் வந்ததே, அதில் போகலாமே?

வாவிக்கரை:
அது மறுபக்கம் மச்சான். வெளிநாட்டுத் தீர்ப்பை இலங்கையில் பதிவதற்கான சட்டம் அது. இவருக்கு வேண்டியது இங்கிருந்து அங்கே.

ஸ்காபரோக்காரன்:
ஆள் கனடாவுக்குத் தாவினால் கணக்கே வேறு. ஒன்ராறியோவில் இலங்கைத் தீர்ப்பை நேராகப் பதிய முடியாது, அதை வைத்து வழக்குப் போட வேண்டும், காலமும் 2 வருடம்தான். ஆள் எங்கே நிற்கிறார் என்று உறுதி செய்யாமல் லோயருக்குக் காசு கட்டாதீர்கள்.

கிரான் அக்கா:
எல்லோரும் லண்டனுக்கே ஓடுகிறீர்கள். ஊரில் அவருக்கு வளவு, வயல் ஏதும் இல்லையா? தீர்ப்பாணைக்கு 10 வருடம் உயிர் இருக்கிறது, ரிட், அதாவது தீர்ப்பை நிறைவேற்றும் கட்டளை எடுத்தால் பிஸ்கால் என்கிற நீதிமன்ற அலுவலர் வந்து காணியைக் கைப்பற்றி ஏலத்தில் விடுவார். லண்டன் சட்டத்தரணி கேட்கிற தொகைக்கு இது எவ்வளவோ மலிவு.

படுவான்கரையான்:
கல்லாற்றில் ஒரு வளவு இருந்தது அக்கா, அதைத் தங்கச்சி பெயருக்கு எழுதிவிட்டார் என்று கேள்வி.

கிரான் அக்கா:
எப்போது எழுதினார், விற்றாரா சும்மா கொடுத்தாரா, அதுதான் விஷயம். காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். கடன் கொடுத்தவரை ஏமாற்றக் கைமாற்றிய காணி என்றால் உறுதியை, அதாவது அந்தக் காணிப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம், இலங்கையில் இன்றும் செல்லும் றோமன் டச்சுச் சட்டத்தில் அதற்குப் பவுலியன் வழக்கு என்று ஒன்று இருக்கிறது. விலைக்கு வாங்கியவர் என்றால் அவருக்கும் விஷயம் தெரியும் என்று காட்ட வேண்டும். நன்கொடை உறுதி என்றால் அந்தத் தொல்லை இல்லை, கொடுத்த கடன்காரர் கையில் வேறு சொத்து மிஞ்சவில்லை என்பதைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. உறுதியின் தேதி வழக்குப் போட்டதற்குப் பிந்தியதாக இருந்தால் இன்னும் வசதி. அதைப் பார்த்துவிட்டு இங்கே போடுங்கள், லண்டன் கதையை அதற்குப் பிறகு பேசுவோம். அதற்காக அந்த 12 மாதத்தை மட்டும் தவற விடாதீர்கள்.