ஜே-45 விற்பனை: கை வைத்த கிட்டாருக்கு என்ன விலை?

ஆறுகம்பி
அறுபதுகளின் ஆரம்பத்தில் வந்த கிப்சன் ஜே-45 அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை விற்கப்போகிறேன். சீரியல் எண்ணை நம்பி ஆண்டு சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் கிப்சன் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் திரும்ப அடித்திருக்கிறது. நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) அகலம் கிட்டத்தட்ட 43 மி.மீ. 1965இல் நட் குறுகிவிட்டதால், இது அதற்கு முந்தையது.

இனி உண்மை நிலவரம். கம்பிகளை மேல்பலகையில் பிடிக்கும் பிளாஸ்டிக் பிரிட்ஜையும், அதில் கம்பிகளைத் தாங்கும், திருகி உயர்த்தும் பீங்கான் சாடிலையும் எடுத்துவிட்டு, ரோஸ்வுட் பிரிட்ஜ், எலும்பு சாடில் போட்டிருக்கிறது. நெக் ரீசெட் (கழுத்தைக் கழற்றிக் கோணம் சரிசெய்து மீண்டும் ஒட்டுவது) ஆகிவிட்டது, ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகள்) எல்லாம் புதிது. க்ளூசன் கம்பெனி டியூனர் (கம்பியை முறுக்கும் திருகு) போய் க்ரோவர் கம்பெனி டியூனர். பின்பக்கம் ஜாக் துளை போட்டுப் பிக்கப் வைத்திருக்கிறார்கள். மெருகு மட்டும் பழையதே. எதுவும் மாற்றாத ஒரிஜினல் ஜே-45 இன்று போகும் விலையில் 20 சதவீதம் குறைத்துக் கேட்கலாமா?

பழையமரம்
20 எல்லாம் ஆசை, நண்பரே. பாதி விலை. பிரிட்ஜ் போச்சு, சாடில் போச்சு, டியூனர் போச்சு. க்ரோவருக்காகத் தலையில் துளையைப் பெரிதாக்கியிருப்பார்கள், போன மரம் திரும்ப வராது. வாங்குகிறவர் காசு கொடுப்பது கிப்சனின் கலமசூ தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்த கிட்டாருக்கு. அதற்குப் பிறகு யாரோ பட்டறையில் செய்ததற்கு அல்ல.

விரல்நுனி
பாதி விலைக் கணக்கு மெருகை உரித்துப் புதிதாக அடித்த கிட்டாருக்குச் சொல்வது. இங்கே மெருகு தொடவே இல்லையே?

அந்தப் பிளாஸ்டிக் பிரிட்ஜைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே வெற்றுக்கூடு, அடியிலிருந்து திருகு போட்டு மாட்டியது. சாடில் மரத்தில் நேராக உட்காராமல் இரண்டு போல்ட்டின் மேல் நிற்கும். கம்பியின் அதிர்வு மேல்பலகைக்குப் போகும் வழியிலேயே இத்தனை இரும்பு. அதை எடுத்தது குறையா? அப்புறம், கை படாத கிட்டாரை வாங்குகிறவர் நெக் ரீசெட், ஃப்ரெட் செலவை அவரே செய்ய வேண்டும். அந்தக் காசை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

மாற்றினால் மதிப்பு போய்விடும் என்றால் புளூகிராஸ் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் வைட்டின் 1935 மார்ட்டின் டி-28ஐ என்ன சொல்வீர்கள்? ஒலித்துளையைப் பெரிதாக அறுத்து, விரல்பலகையையும் மாற்றிய கிட்டார். 1975இல் இன்னொரு புளூகிராஸ் கலைஞர் டோனி ரைஸ் அதைத் தேடிப் பிடித்து வாங்கி, கடைசிவரை வைத்திருந்தார்.

பழையமரம்
அதற்கு மதிப்பு கிளாரன்ஸ் வைட் வாசித்ததால். நம்ம ஆறுகம்பி என்னதான் நன்றாக வாசித்தாலும் அந்த வாதம் அவருக்கு உதவாது.

இன்னொன்று. பீங்கான் சாடிலின் அந்த உலர்ந்த, சட்டென்று அடங்கும் சத்தத்துக்காகவே அந்தக் கால ஜே-45களைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அது நோய் இல்லை.

பட்டறைக்காரன்
பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் சொல்கிறேன். நெக் ரீசெட்டையும் ஃப்ரெட்டையும் மாற்றம் என்ற பட்டியலில் போடாதீர்கள். கம்பியின் இழுவையில் இத்தனை ஆண்டு நின்ற கிட்டாருக்கு அது பராமரிப்பு. டியூனர் துளையும் ஜாக் துளையும்தான் திரும்பாதவை. க்ளூசன் திரும்பப் போட, துளையைச் சிறிதாக்கும் அடாப்டர் புஷ் கிடைக்கும், ஆனால் உற்றுப் பார்ப்பவர் கண்டுபிடிப்பார்.

சதவீதச் சண்டைக்கு முன் மூன்று விஷயம் காட்டுங்கள். 12ஆவது ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு உயரம்? சாடில் பிரிட்ஜுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது? பழைய போல்ட் துளைகளை உள்ளே எதை வைத்து அடைத்தார்கள்? ரீசெட் சரியாகச் செய்ததா, சாடிலைத் தேய்த்துச் சமாளித்ததா என்று முதல் இரண்டு அளவிலேயே தெரிந்துவிடும்.

ஆறுகம்பி
தடித்த ஈ கம்பி 2.4 மி.மீ., சாடில் மேலே நிற்பது 4 மி.மீ. ஒலித்துளை வழியாகச் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தேன். போல்ட் துளை இரண்டிலும் ஸ்ப்ரூஸ் மர வட்டு, மரத்தின் நரம்பு ஓட்டம் பலகையோடு ஒரே திசையில். பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்ளே ஒட்டிய பிரிட்ஜ் பிளேட்டில் கம்பி முனைகள் கடித்த தேய்மானம் உண்டு, விரிசல் இல்லை. பழைய பிரிட்ஜும் சாடிலும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. க்ளூசன் என்னிடம் வரும்போதே இல்லை.

பட்டறைக்காரன்
நல்ல கை பட்ட வேலை. அந்தக் கண்ணாடிப் படத்தை விளம்பரத்தில் முதலில் போடுங்கள். பழைய பிரிட்ஜைத் தனியாக விற்றுவிடாதீர்கள்.

பழையமரம்
சரி, வேலை சுத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பாதி விலைக்கு மேல் என் பணத்தை எடுக்க மாட்டேன். நாளைக்கு நான் விற்கும்போது இன்னொரு பழையமரம் வந்து இதே கேள்வியைக் கேட்பார்.

விரல்நுனி
விற்பதற்காக வாங்குகிறவருக்கு அந்தக் கவலை. பாதி விலை என்றால் நானே இன்று வாங்கிக்கொள்கிறேன்.

ஆறுகம்பி
பாதிக்கு யாருக்கும் இல்லை. 30 சதவீதம் குறைத்து, துளைகளையெல்லாம் முதல் வரியிலேயே எழுதிப் போடுகிறேன். நேரில் வந்து வாசித்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம்.